டேங்க்குக்கும் சுவருக்கும் நடுவில்

எழுபதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஒரு கட்டிட எஞ்சினியரின் ஆபீசில் டிரேசராக வேலை பார்த்தேன். பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மசிப் பேனாவால் அதே கோடுகளை மறுபடியும் இழுக்கிற வேலை. அந்தத் துணியிலிருந்துதான் பிரின்ட் எடுத்து சர்க்கார் ஆபீஸ்களுக்கு அனுப்புவார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஆபீஸ். எஞ்சினியர், ஒரு டிராப்ட்ஸ்மேன், நான். டிராப்ட்ஸ்மேன் துபாய்க்குப் போய்விட்ட பிறகு பென்சில் வேலையும் என்னிடமே வந்தது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நைனா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தில் வேலை. எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். என்னைவிட நான்கு வயது சின்னவளான தங்கச்சி, எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் இரண்டு தரம் தவறிவிட்டு அம்மாவோடு வீட்டில் இருந்தாள்.

அந்த வருஷம் ஒரு கண்ணாடிக் குப்பி ஃபேக்டரியின் வேலை எங்களுக்கு வந்தது. ஊசி மருந்து அடைக்கிறார்களே, விரல் நீளக் குப்பி, அதைச் செய்கிற இடம். திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி நீளமாக ஒரு ஷெட் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயை பர்னர் நெருப்பில் காட்டி இளக்கித்தான் குப்பியாக இழுக்க வேண்டும். அந்த நெருப்புக்கு காஸ். காஸுக்கு ஒரு பெரிய இரும்பு டேங்க். டேங்க் வைப்பதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்சுக்கு வரைபடம் வேண்டும்.

இடத்தை அளக்க எஞ்சினியரோடு நானும் போனேன். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். டேங்க் உட்காருவதற்கான இரண்டு கான்க்ரீட் திண்டுகளையும் அவர்கள் முன்னாலேயே போட்டு வைத்திருந்தார்கள். ஷெட்டின் பக்கவாட்டுச் சுவருக்கும் திண்டுக்கும் நடுவில் ஐந்தரை மீட்டர் இருந்தது. திண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டரில் முள்வேலி. வேலிக்கு அப்பால் சவுக்குத் தோப்பு, அது வேறு யாருடையதோ. ஷெட்டிலிருந்து கழுவுகிற தண்ணீர் வெளியே போக ஒரு சின்ன வாய்க்கால், சுவரின் கதவு ஓரமாகக் கிளம்பி, திண்டுக்குக் கீழாகவே போனது.

எஞ்சினியர் கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து மானேஜரிடம் காட்டினார். இங்கிலீஷில் இருந்ததை எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"கட்டிடத்துக்கும் டேங்குக்கும் நடுவுல பதினஞ்சு மீட்டர் இருக்கணுங்க. சாக்கடை, பள்ளம் எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. இந்த காஸ் மேல போகாது. காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி தரையிலயே ஓடும்."

மானேஜர் வெள்ளைச் சட்டை போட்ட, அதிகம் சத்தம் போடாத மனிதர். "டேங்க் வந்து மெட்ராஸ்ல நிக்குது சார். பக்கத்துத் தோப்பைப் பேசிக்கிட்டிருக்கோம். ஆறு மாசத்துல நம்ம கைக்கு வந்துடும். வந்ததும் நகர்த்திடுறோம்" என்றார்.

எஞ்சினியர் புத்தகத்தை மூடிக் கைப்பையில் வைத்தார். ஜீப்பில் திரும்பினோம். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி டீ குடித்தோம்.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து நின்று சொன்னார். "பதினஞ்சுன்னு போட்டுடும்மா. எப்படியும் நகர்த்தப் போறாங்க. தோப்பு அவங்க பேருல வந்துட்ட மாதிரியே வேலியப் போடு."

நான் "சரிங்க சார்" என்றேன்.

அதைச் செய்வது கஷ்டமாக இல்லை. வேலிக் கோட்டைத் தோப்புக்குள் தள்ளி வைத்தேன். டேங்கை அதற்கேற்ப நகர்த்தினேன். சுவரிலிருந்து டேங்க் வரை ஒரு கோடு இழுத்து, இரண்டு பக்கமும் அம்பு போட்டு, நடுவில் 15.00 என்று ஸ்டென்சில் வைத்து எழுதினேன். வாய்க்காலை வரையவே இல்லை. அதை விட்டுவிடும்படி எஞ்சினியர் சொல்லவில்லை. அது இருந்தால் வரைபடம் சரியாக வராது என்று எனக்கே தெரிந்தது. கீழே வலது மூலைக் கட்டத்தில், டிரேஸ் செய்தவர் என்ற இடத்தில், என் இரண்டு எழுத்துக் கையெழுத்தைப் போட்டேன். எழுத்து எல்லாம் ஒரே உயரத்தில் வந்திருந்தது. எஞ்சினியர் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார்.

பிரின்ட் வாங்க மானேஜர்தான் நேரில் வந்தார். சுருட்டிக் கொடுத்தபோது, "பர்னர்ல உக்கார பொண்ணுங்க எடுக்கப் போறோம். கை நடுங்காம இருக்கணும். உங்க வீட்ல யாராவது இருந்தா அனுப்புங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு சந்தோஷம். தங்கச்சி மறுநாளே பாவாடை தாவணியை விட்டுவிட்டு அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டிப் பார்த்தாள்.

லைசென்ஸ் வந்தது. சோதனைக்கு யாரும் வந்தார்களா, வந்திருந்தால் எதைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. டேங்க் வந்து திண்டின் மேல் உட்கார்ந்தது. தங்கச்சி தினமும் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனாள். பன்னிரண்டு பர்னர் ஒரே வரிசையில், பன்னிரண்டு பெண்கள். கதவுப் பக்கத்திலிருந்து மூன்றாவது பர்னர் அவளுடையது. முதல் பர்னரில் திருக்கழுக்குன்றத்திலிருந்து வருகிற கல்யாணமான ஒரு அக்கா. அந்த அக்காதான் இவளுக்குக் குழாயைச் சுழற்றக் கற்றுக்கொடுத்தது. தங்கச்சியின் விரல் நுனிகளில் சின்னச் சின்ன சூட்டுப் புள்ளிகள் வந்தன. முன்கை முடியெல்லாம் பொசுங்கிப் போயிருந்தது. அவள் அதைப் பெருமையாகக் காட்டினாள். கணக்கில் தவறியவள், ஒரு மணி நேரத்தில் எத்தனை குப்பி இழுத்தேன் என்று தினமும் சொல்வாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "மத்தியானம் சோறு எங்க துன்றீங்க? அங்க எதுனா ரூமு கீதா?"

"ரூமெல்லாம் இல்லம்மா. டேங்க்குக்கும் செவுத்துக்கும் நடுவுல உக்காந்துகினு சாப்புடுவோம். அங்கதான் நெழலு. தோப்புலேர்ந்து காத்து சும்மா ஜில்லுன்னு வரும். அந்த அக்கா கொஞ்ச நேரம் படுத்துக்கூடத் தூங்கிடும்."

நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். "வேற எடம் எதுவும் இல்லியா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? அதான் நல்லா கீதே" என்றாள்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஆறு மாசம் என்று சொல்லியிருந்தார்களே, நகர்த்திவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று எழுதலாம். அப்படி நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எதையும் நினைத்ததாகவே ஞாபகம் இல்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினேன். ஆறு மாசம் போனது. அதற்கு மேலும் நாலைந்து மாசம் போனது.

டேங்கில் காஸ் நிரப்ப அவ்வப்போது லாரி வரும். லாரி வந்து குழாய் மாட்டினால் எல்லா பர்னரையும் அணைத்துவிட்டு வெளியே போய் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் சில தடவை அப்படித்தான் செய்தார்கள். அணைத்து மறுபடி கொளுத்தினால் நெருப்பு பதமாக வர அரை மணி ஆகிறது, கண்ணாடி வீணாகிறது என்று பிறகு அணைக்காமலே வேலை பார்த்தார்கள். தங்கச்சி இதையும் வீட்டில் சொல்லியிருந்தாள்.

அப்படி லாரி வந்த ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். காற்றே இல்லாத நாள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். லாரியின் குழாய், டேங்கோடு சேருகிற இடத்தில் பிடுங்கிக்கொண்டது. காஸ் வெள்ளைப் புகை மாதிரி கீழே கொட்டியது. டிரைவர் ஓடிப்போய் வால்வை மூடினார். அவர் மூடியதால்தான் டேங்க் தப்பித்தது. ஆனால் அதற்குள் கொட்டியது வாய்க்காலில் இறங்கி நிறைந்து, தண்ணீர் வருகிற வழியிலேயே பின்னோக்கிக் கதவுக்கு வந்து, ஷெட்டுக்குள் பெண்களின் காலடியில் பரவிவிட்டது. தங்கச்சி சொன்னாள்: "காலு ஜில்லுனு ஆச்சிக்கா. தண்ணிய யாரோ கொட்டிட்டாங்கன்னு குனிஞ்சி பாத்தேன்."

அதற்குள் முதல் பர்னரில் தீ பிடித்துக்கொண்டது.

எங்கள் ஆபீசுக்கு யாரோ போன் செய்து சொன்னார்கள். எஞ்சினியர் போனை வைத்துவிட்டு, "குப்பி ஃபேக்டரில தீயாம்" என்றார். நான் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லின் பாதியில் இருந்தேன். மீதி எழுத்துகளை எழுதி முடித்தேன். பேனாவைத் துடைத்து வைத்தேன். மசிப் புட்டியை மூடினேன். பிறகுதான் எழுந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். ஃபேக்டரியிலிருந்து வேன் வருவதற்குள் நான் போய்விட்டேன். மரத்தடியில் நின்றேன். வேனிலிருந்து ஐந்து பேரை இறக்கினார்கள். நாலாவதாகத் தங்கச்சியை இறக்கினார்கள். இரண்டு கையும் தோள் வரை, கழுத்து, இடது பக்கக் கன்னம், காது எல்லாம் வெந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை.

"யக்கா, என் டிபன் பாக்ஸு அங்கியே கீது" என்றாள்.

"எடுத்துகினு வரேன்" என்றேன்.

முதல் பர்னரில் இருந்த அந்த அக்கா மூன்றாம் நாள் இறந்துபோனது. அதே வார்டில், இரண்டு கட்டில் தள்ளி. உடம்பில் துணி படாமல் இருக்க கட்டிலுக்கு மேலே கம்பி வளைத்து, அதன் மேல் போர்வை போட்டிருந்தார்கள். காலையில் பார்த்தால் அந்தக் கம்பியை எடுத்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். அவள் அந்தப் பக்கம் திரும்ப முடியாமல் படுத்திருந்ததால் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. காலையில் கஞ்சி எடுத்துப் போவேன், ஊட்டுவேன், அங்கிருந்து ஆபீசுக்குப் போவேன், சாயங்காலம் மறுபடி வருவேன். அம்மா ராத்திரிக்கு இருப்பாள். எல்லாவற்றையும் சரியான நேரத்துக்குச் செய்தேன். வார்டில் மற்றவர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு, லைசென்ஸ் கொடுத்த ஆபீசின் இன்ஸ்பெக்டர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தார். எஞ்சினியரையும் என்னையும் ஃபேக்டரிக்கு வரச் சொன்னார்கள். போகிற வழியில் எஞ்சினியர் சொன்னார்: "நீ எதுவும் பேச வேணாம்மா. நான் கொடுத்ததை டிரேஸ் பண்ணேன்னு மட்டும் சொல்லு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

ஷெட்டின் அந்தப் பக்கச் சுவர் கறுத்திருந்தது. டேங்க் அப்படியே வெள்ளையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டிருந்தார். நான் போட்ட வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். பிறகு டேப்பை எடுத்தார். சுற்றி ஆள் இருந்தும், "இத கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு முனையை என்னிடம்தான் கொடுத்தார். நான் சுவரில் வைத்துப் பிடித்தேன். அவர் டேங்க் வரை போனார்.

"அஞ்சரை" என்றார். திரும்பி வந்து வரைபடத்தைப் பார்த்தார். "இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுதுங்க."

"நீங்க நேர்ல வந்து அளந்தீங்களா, இல்ல யாரோ குடுத்ததப் பாத்துப் போட்டீங்களா?"

எஞ்சினியர் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்ல வந்து அளந்தோங்க. ரெண்டு பேரும். அப்பவும் அஞ்சரைதான் இருந்துது. பதினஞ்சுன்னு போட்டேன். இந்த வாய்க்கா அப்பவே இருந்துது. அதை வரையாம விட்டேன்."

"யாரு போடச் சொன்னாங்க?"

"மானேஜர் சாரு தோப்பு வாங்கப் போறோம்னு சொன்னாரு. எஞ்சினியர் சாரு போடுன்னு சொன்னாரு. போட்டது நானு."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் நான் கேட்டேன்: "பதினஞ்சு இருந்திருந்தா இது நடந்திருக்காதுங்களா?"

அவர் வாய்க்காலைக் காட்டினார். "இந்த வாய்க்காலும் இல்லாம, பர்னரையும் அணைச்சிருந்தா, காத்துல கலைஞ்சு போயிருக்கலாம். பதினஞ்சு மட்டும் இருந்திருந்தா, சொல்ல முடியாதும்மா." பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உண்மையைச் சொன்னதால் மனசு லேசானது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கையில் டேப்பின் துரு ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தேன். திரும்பும்போது எஞ்சினியர் ஜீப்பை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். நான் இறங்கிக்கொண்டேன்.

தங்கச்சி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கையை நீட்டி மடக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் இறுகிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை இல்லாமல் இருந்ததால் அது என் பொறுப்பு. காலையிலும் மாலையிலும் எண்ணெய் தடவி முழங்கையை மெல்ல நீட்டுவேன். அப்படி ஒரு நாள், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, நான் சொன்னேன். வரைபடம், ஐந்தரை, பதினைந்து, எல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "நீ அப்டி எழுதலன்னா?"

"லைசென்ஸ் வந்திருக்காது. டேங்க வேற எடத்துல வெச்சிருப்பாங்க. இல்லாட்டி வேற யாரையாவது எழுத வெச்சிருப்பாங்க."

"அங்க உக்காந்துகினு சோறு துன்றோம்னு நான் சொன்னேனே. அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் கையை என்னிடமிருந்து இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் வலிக்கும். நான் முழங்கையை நீட்டி முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு, "நாளைலேர்ந்து அம்மா செய்யட்டும்" என்றாள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அறை, ஒரே பாய். நைனா காரணம் கேட்டார், இரண்டு பேரும் சொல்லவில்லை.

கேஸ் செங்கல்பட்டு கோர்ட்டில் நடந்தது. சாட்சி சொல்ல நான் இரண்டு தரம் போனேன். முதல் தரம் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கோடு போட்ட சட்டை, கையில் மடித்த காகிதம். "இத கொஞ்சம் படிச்சி சொல்றியாம்மா? நம்ம கேசு இன்னிக்குத்தானான்னு" என்று கொடுத்தார். படித்தேன். இறந்துபோன அந்த அக்காவின் வீட்டுக்காரர். இன்றைக்குத்தான் என்றேன். பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை எடுத்து என் கையில் கொஞ்சம் போட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தின்றேன்.

உள்ளே நான் கூண்டில் ஏறிச் சொன்னதை அவர் கேட்டார். வெளியே வந்தபோது படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"நீதானா அது?"

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "அது டேங்க் நெழல்ல தூங்கும்னு சொல்லும். நானும் நல்லதுதான்னு சொன்னேன்" என்றார். பிறகு திருக்கழுக்குன்றம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். காட்டினேன். அவ்வளவுதான்.

மானேஜருக்கும் கம்பெனிக்கும் தண்டனை என்று ஏதோ கொடுத்தார்கள். எஞ்சினியர் கொஞ்ச நாள் வேலை எடுக்க முடியாமல் இருந்து, பிறகு காஞ்சிபுரம் பக்கம் போய்விட்டார். சின்ன வேலையில் இருந்தவள், உண்மையைச் சொன்னாள் என்று என்னை விட்டுவிட்டார்கள். ஃபேக்டரி மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. இந்தத் தடவை டேங்கை சாலைக்கு அந்தாண்ட, மேடான தனி நிலத்தில் வைத்து, சுற்றி வேலி போட்டு, பூட்டு மாட்டி, தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று போர்டும் எழுதினார்கள். லாரி வருகிற அன்று ஷெட்டுக்கு விடுமுறை.

எனக்குத் தாம்பரத்தில் ஒரு ஆபீசில் மறுபடி டிரேசர் வேலை கிடைத்தது. ரயிலில் போய் வந்தேன். அங்கே யாராவது ஒரு அளவைச் சொன்னால், நேரில் அளந்தீர்களா என்று கேட்பேன். எரிச்சல்படுவார்கள். அளந்தோம் என்று சொல்லிவிட்டால் எழுதுவேன். அவர்கள் பொய் சொன்னார்களா என்பதும் எனக்குத் தெரியாது.

ஃபேக்டரி திறந்தபோது தங்கச்சி திரும்ப வேலைக்குப் போகிறேன் என்றாள். அம்மா அழுதாள், நைனா கூடாது என்றார். அவள் கேட்கவில்லை. பர்னரில் உட்கார முடியாது. குப்பிகளை எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் நாள் காலை புடவை கட்டும்போது விரல்கள் மடிப்பைப் பிடிக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். தங்கச்சி கொஞ்ச நேரம் தானாகவே முயன்றுவிட்டு, என் பக்கம் பார்க்காமலே, "இத கொஞ்சம் புடி" என்றாள்.

நான் மண்டி போட்டு மடிப்பைப் பிடித்துக் கொடுத்தேன். அவள் செருகிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு தேவைப்பட்டபோது பேசினாள்.